சார்ஜர் முனை சரியாகத்தான் பொருந்தியது

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் ஒரு பேட்டரி டிரில் வாங்கினேன். காரணம் ஒரு திரைச்சீலைக் கம்பி. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், படுக்கையறை ஜன்னலுக்கு மேலே மாட்ட வேண்டிய ஆறடிக் கம்பி அது. ஐந்து வாரமாக அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. தச்சருக்குப் போன் செய்தால், "நாளைக்குக் காலைல மொத வேலை உங்க வேலைதான் சார்" என்பார். அவருடைய நாளை எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

தி. நகர் கடையில் விற்பனையாளர் ஒரு மரத்துண்டை எடுத்து வைத்து ஓட்டை போட்டுக் காட்டினார். வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது.

"ஒயர் கிடையாது சார். எங்க வேணா எடுத்துனு போலாம். ரெண்டு பேட்டரி கீது. ஒரு தபா சார்ஜ் போட்டா வீடே முடிஞ்சிரும்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெட்டிக்குள் ஒரு கையேடு இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படிக்காததற்கு என்னிடம் வலுவான காரணம் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில், தீ விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எரிந்துபோன கிடங்குகளிலும் கடைகளிலும் கரியை மிதித்து நடந்து, எதனால் தீப்பிடித்தது என்று அறிக்கை எழுதுவது என் தொழில். 'உரிய எச்சரிக்கை எடுத்துக்கொள்ளப்படவில்லை' என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன். எச்சரிக்கை வாசகம் என்பது மற்றவர்கள் படிக்கத் தவறியதற்காக நான் மேற்கோள் காட்டுவது. நானே படிப்பதற்கு அல்ல.

என் மனைவி நேர் எதிர். அடையாற்றில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்தாளுநர். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடப் பிரித்துக் கடைசி வரி வரை படிப்பாள். டிரில் வந்த அன்று மாலையே, காப்பி ஆறுவதற்குள் அந்தக் கையேட்டை முடித்துவிட்டாள். பென்சிலால் கோடு வேறு போட்டாள்.

"ஏன்னா, ஒரு தடவை பார்த்துட்டு ஆரம்பிங்கோளேன்."

"கத்துக்கொடுக்கறியா எனக்கு?" என்று சிரித்தேன்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டிரில்லை மடியில் வைத்து, ஓட்டை போடும் பிட்டில் மரத்துக்கானதைக் கழற்றிச் சுவருக்கானதை மாட்ட முயன்றேன். கட்டைவிரல் எப்படியோ விசையில் பட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு நொடிதான். வேட்டியின் கரை பிட்டில் சிக்கி, விர்ரென்று சுற்றி, துணி முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டு, இயந்திரம் என் தொடையில் முட்டி நின்று உறுமியது. விசையிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மனைவி கைப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து பேட்டரியை டக்கென்று உருவினாள். சத்தம் நின்றது.

"பிட்டை மாத்தறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடணும்னு மூணாம் பக்கத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. தொளதொளன்னு துணி கட்டிண்டு தொடப்படாதுன்னு அதுக்கு மேல் வரியிலேயே இருக்கு" என்றாள். பிறகு கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டி என்னை விடுவித்தாள். தொடையில் நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு. அதற்கு மருந்து போட்டுவிட்டு, வழக்கமான பேருந்தைத் தவறவிட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் பேண்ட் போட்டுக்கொண்டு கம்பியை மாட்டினேன். கொஞ்சம் ஒரு பக்கம் சாய்வாக அமைந்தது. ஆனால் நின்றது. எனக்கு வந்த பெருமிதம் இருக்கிறதே, பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அப்படி வந்ததில்லை.

பிரச்சினை, அந்தச் சத்தம் பன்னிரண்டு வீடுகளிலும் கேட்டுவிட்டது. மறுநாளே மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சுற்றறிக்கை தயாரித்தே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சுரப்பு நிற்கவில்லை.

"உம்ம கையிலே மிஷின் இருக்கறச்சே நாம எதுக்கு ஆளைத் தேடிண்டு அலையணும்?" என்றார். "சின்ன வேலைதான். பதினோரு போர்டு."

பதினோரு அறிவிப்புப் பலகைகளையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். 'இங்கே செருப்பு விடாதீர்.' 'சுவரில் சாயாதீர்.' 'லிஃப்டில் உரக்கப் பேசாதீர்.' கடைசிப் பலகையில், 'அறிவிப்புப் பலகைகளைத் தொடாதீர்.'

நான் ஏற்றுக்கொண்டேன். ஏணி மேல் நின்று ஓட்டை போடும்போது கீழே நான்கு பேர் அண்ணாந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. எங்கள் கட்டடத்துத் தூண்களோ கெட்டியான கான்கிரீட். அந்தச் சின்ன டிரில்லுக்கு மீறிய வேலை. இரண்டு ஓட்டை போடுவதற்குள் பேட்டரி, சுடச்சுடக் காப்பி ஊற்றிய டம்ளர் போலக் கொதிக்கும். அதை அப்படியே கொண்டுபோய் சார்ஜில் போடுவேன். முழுவதும் ஏறிய பிறகும் மறந்துபோய் மறுநாள் வரை விட்டுவைப்பேன். ஒரு தடவை ஒரு பேட்டரியை ஏணியின் உச்சியிலிருந்து கீழே போட்டேன். மூலையில் விரிசல் விட்டது. கறுப்பு டேப் சுற்றினேன். இன்னொன்றைக் காரின் டிக்கியில் வைத்து மறந்து, சித்திரை வெயிலில் நான்கு நாள் தெருவில் நிறுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது மேல்மூடி லேசாக வளைந்திருந்தது. வேலை செய்கிறதா? செய்கிறது. அப்புறம் என்ன?

அடுத்து, சார்ஜரின் ஒயரைக் கார் நிறுத்துமிடத்தில் எலி கடித்துவிட்டது. செயலாளர் அதற்கும் வழி வைத்திருந்தார். அவர் வீட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் சார்ஜரைக் கொண்டுவந்தார். நுனியில் அதே மாதிரி ஊசி முனை. நான் பேட்டரியில் செருகிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுல வோல்ட் கொஞ்சம் ஜாஸ்தி. சீக்கிரமா ஏறிடும். நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான் என்று நானும் சொன்னேன். இந்த ஏற்பாட்டை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையேட்டை எடுத்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், ஆளுக்கொரு டம்ளர் மோர். சிறப்பு நிகழ்ச்சியாக, 'அடுக்ககத்தில் தீப் பாதுகாப்பு' பற்றி என் உரை. துறை நிபுணர் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார் செயலாளர். கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டாவது பலகையை மாட்டுவதாக இருந்தோம். தீயணைப்பான் சிலிண்டருக்கு மேலே மாட்ட வேண்டிய அந்தப் பலகையின் வாசகம், 'அனுமதியின்றித் தொடாதீர்.' அதற்காக, டேப் சுற்றிய பேட்டரியை மோட்டார் அறைக்குப் பக்கத்துப் பிளக்கில் காலை ஏழு மணிக்கே சார்ஜில் போட்டிருந்தேன். தரை ஈரமாக இருக்கிறதே என்ற முன்யோசனையில், செயலாளர் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள் அடுக்கின் மேல் வைத்தேன்.

கையில் மைக்கை வாங்கிக்கொண்டு நான் நன்றாகத்தான் பேசினேன். "தீ திடீர்னு வர்றதில்லை. முதல்ல எச்சரிக்கும். வாசனையா எச்சரிக்கும், சூடா எச்சரிக்கும். நாமதான் கவனிக்கறதில்லை."

இரண்டாவது வரிசையிலிருந்து என் மனைவி கையைத் தூக்கினாள். "ஏதோ பிளாஸ்டிக் தீயற நாத்தம் வரலையா?"

"கேள்வியெல்லாம் கடைசியிலே" என்றார் செயலாளர்.

நான் தொடர்ந்தேன். இன்னும் ஒரு வாக்கியம்கூட முடிக்கவில்லை. மோட்டார் அறைப் பக்கம் குக்கர் மூடியிலிருந்து ஆவி சீறுவது போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை. பிறகு பட்டாசுச் சரம் போலப் பட் பட்டென்று வெடித்து, தீ நாற்காலி உயரத்துக்கு எழுந்தது. செய்தித்தாள் அடுக்கு பற்றிக்கொண்டது.

மனைவி எழுந்து வாசல் கேட்டின் பக்கம் ஓடினாள். மெயின் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. அதை இறக்கிவிட்டு, "எல்லாரும் தெருவுக்குப் போங்கோ! யாரும் கிட்டப் போகாதீங்கோ! அந்தப் புகை விஷம்!" என்று கத்தினாள். ஒரு கையால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

யாரோ சிலிண்டரை எடுக்கப் போனார். அது சங்கிலியால் கட்டிப் பூட்டப்பட்டிருந்தது, யாரும் திருடிவிடக் கூடாது என்று. சாவி மூன்றாம் மாடியில், செயலாளரின் பீரோவில். மெயின் இறக்கியதில் லிஃப்ட் நின்றுவிட்டது. செயலாளர் படியேறக் கிளம்பினார். "மேல போகாதீங்கோ மாமா!" என்று என் மனைவி போட்ட அதட்டலில் அப்படியே திரும்பி வந்தார்.

தரைத் தளத்து வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியை. குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு, முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரால் எழ முடியவில்லை. என் மனைவியும் காவலாளியும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஏற்கெனவே தெருவில் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஆளாக. மைக் இன்னும் கையில் இருந்தது. நாற்காலியில் தூக்கி வரப்பட்ட அந்த ஆசிரியை என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

தீயணைப்பு வண்டி வந்து, நிறையத் தண்ணீர் அடித்து, அணைத்துவிட்டுத்தான் அதிகாரி பேசினார். கருகியவை ஒரு ஸ்கூட்டரின் இருக்கை, மூன்று அறிவிப்புப் பலகைகள், செய்தித்தாள்கள், பாதிச் சுவர். யாருக்கும் காயமில்லை. கருகிய பேட்டரியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, திறந்தவெளியில் வைக்கச் சொன்னார்.

"யார் போட்ட சார்ஜ் இது?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"இது இந்த பேட்டரியோட சார்ஜரா?"

"இல்ல. ஆனா முனை சரியாப் பொருந்திச்சு."

"எங்க வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டுக்குக்கூடப் பொருந்தும் சார். அதுக்காக அங்க போய்ப் படுத்துக்க முடியுமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பதினொரு குடும்பங்களும் சிரித்தன.

செவ்வாய்க்கிழமை ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். இந்த மாதிரி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று அங்கே இருப்பதாக மனைவி விசாரித்துச் சொல்லியிருந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டாவும் கையில் மின்னளவு பார்க்கும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரிடமோ உருதுவில் எதையோ அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் டிரில்லையும் மிச்சமிருந்த இரண்டாவது பேட்டரியையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன்.

பேட்டரியைக் கையில் எடுக்காமலே முகர்ந்து பார்த்தார். "இன்னா சார் இது, வெல்லப்பாகு வாசன வர்து. உள்ள லீக்காவுது. இத்த எதுல எடுத்துனு வந்த?"

"பஸ்ல."

"பஸ்லயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "வெயில்ல வெச்சியா?"

"அப்படி ஒண்ணும்..."

"பொய் சொல்லாத சார். மூடி வளைஞ்சிக்கினு கீது. டாக்டராண்டயும் என்னாண்டயும் பொய் சொன்னா உனுக்குத்தான் நஷ்டம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கார் டிக்கி, ஏணி, டேப், எலி, தூசி உறிஞ்சும் இயந்திரம், செய்தித்தாள். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். நான் இத்தனை வருடமாக மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அன்றுதான் பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி அவ்வளவு வசதியாக இல்லை.

"நீ இன்னா வேல பாத்த சார்?" என்று கடைசியில் கேட்டார்.

சொன்னேன். அவர் மல்டிமீட்டரைக் கீழே வைத்தார். பிறகு, "போவட்டும் வுடு" என்றார். அந்தப் பேட்டரியின் செப்பு முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய ஒரு தகர டப்பாவில் வைத்தார். "இத்த குப்பைல போடக்கூடாது. குப்ப லாரில நசுங்கிச்சினா அங்கயும் பத்திக்கும். இதுக்குன்னு எடுக்கறவங்க கீறாங்கோ, வந்து எடுத்துனு போவாங்க."

என் டிரில்லுக்கு அதே கம்பெனி பேட்டரியும் சார்ஜரும்தான் போட வேண்டும் என்று வரவழைத்தார். ஆனால் உடனே கையில் கொடுக்கவில்லை. பிட்டை மாற்றிக் காட்டச் சொன்னார். நான் பிட்டில் கை வைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு மாற்றினேன்.

"ஆங். வேல முடிஞ்சதும் சூடா கீதா, அர மணி நேரம் சும்மா வெச்சிரு. ஆறுனதுக்கப்புறம் போடு. நீ பாத்துக்கினு இருக்கறப்ப மட்டும் போடு. வெறுந்தரைல வெச்சுப் போடு. ஏறிச்சினா கழட்டிடு. கீழ வுழுந்துச்சினா, பாசம் பாக்காத, என்னாண்ட எடுத்துனு வா."

"ஆட்டோல" என்றேன்.

"போன் பண்ணு, நானே வரேன்" என்றார்.

அந்த வாரம் செயலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதில் 'துரதிருஷ்டவசமான மின்சார நிகழ்வு' என்றிருந்தது. சார்ஜர் பற்றி ஒரு சொல் இல்லை. சிலிண்டரின் சங்கிலி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது.

ஆசிரியை வீட்டுக்குப் போக எனக்கு ஒன்பது நாள் ஆனது. கதவைத் தட்டிவிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் கோத்து வைத்திருந்ததெல்லாம் மறந்து நின்றேன்.

"மன்னிச்சுக்கணும். தீ வெச்சது நான்தான். உங்களை விட்டுட்டு ஓடினதும் நான்தான்."

"தெரியும் சார்" என்றார். "நானும் ஓடியிருப்பேன். கால் இல்லாமப் போச்சு." பிறகு வாக்கரை நகர்த்தி வழிவிட்டார். "அந்த மெஷின் இன்னும் இருக்கா? குளியலறைல பிடிச்சுக்க ஒரு கம்பி மாட்டணும். விழுந்ததுலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன், ஆளு நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னு ஏமாத்தறாரு."

தீவைத்தவனையே அழைத்துக் குளியலறைச் சுவரைக் காட்டும் துணிச்சல் கணக்கு ஆசிரியைகளுக்கு மட்டுமே இருக்கும்.

இந்த முறை கையேட்டைப் படித்தேன். மனைவியின் பென்சில் கோடுகளை மட்டுமல்ல, மற்றதையும். குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கட்டடத்தின் பழைய வரைபடத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஹீட்டருக்கான மின்சாரத்தை நிறுத்தினேன். அரைக்கைச் சட்டை, பேண்ட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. டைல்ஸ் பதித்த சுவருக்கென்று தனி பிட்டை, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினேன். ஆசிரியை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, பரீட்சை அறைக் கண்காணிப்பாளர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு ஓட்டை முடிந்ததும் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார், முடிஞ்சிதா?"

"இல்ல டீச்சர். ஆறணும்."

அந்த அரை மணி நேரம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வகுப்பில் பின்னங்களைக் கண்டால் அழும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். எரிந்த கிடங்குகளுக்குள் நடக்கும்போது வரும் வாசனையைப் பற்றி நான் சொன்னேன். ஒரே கட்டடத்தில் பதினாறு வருடம் இருந்தும் அதற்கு முன் நாங்கள் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை.

மீதி இரண்டு ஓட்டைகளையும் போட்டுக் கம்பியைத் திருகி முடித்தேன். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் வாக்கரை ஊன்றி உள்ளே வந்து, அதை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து மெதுவாக நிமிர்ந்து நின்றார். ஒரு காலில்தான். ஆனாலும் யாருடைய கையையும் பிடிக்காமல் நின்றார். முகத்தில் என்ன இருந்தது என்று நான் உற்றுப் பார்க்கவில்லை, பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணால் அளந்தார்.

"உறுதியாத்தான் இருக்கு சார்" என்றார். "இன்னும் ரெண்டு அங்குலம் கீழ போட்டிருக்கலாம்."